தொட்டிலும் தர்மமும்

ஆனி மாதப் பௌர்ணமியன்று காரைக்காலில் பிட்சாடனமூர்த்தி வீதியுலா எழுந்தருளும்போது, இருமருங்கும் உள்ள மாடிகளிலிருந்து பக்தர்கள் மாங்கனிகளை வாரி இறைப்பதையும், மகப்பேறு வேண்டிய பெண்கள் முந்தானையை விரித்து ஒரு கனியேனும் மடியில் விழாதா என்று ஏங்கி நிற்பதையும் நான் சிறுவயதுமுதல் கண்டிருக்கிறேன். அத்தனை பிரார்த்தனையோடு பெற்ற சிசுவைக் கிடத்தும் தொட்டிலைப் பற்றியும் ஒரு தர்மம் உண்டு என்பதை, சென்ற ஆண்டு பேரன் பிறந்த பிறகுதான் உணர்ந்தேன்.

கடைத்தெருவில் ஒரு கடையிலே, இரும்புக் குழாய் ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் கூடிய தொட்டில் ஒன்றை வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் இரவு, கொக்கியைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருப்பதை என் மனைவி விரலால் தடவிக் கண்டாள். நல்லவேளையாகக் குழந்தை அப்போது அவள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் தொட்டிலும் பில்லுமாகச் சென்றபோது, பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருந்த வரியைக் கடைக்காரர் காட்டி, “நீங்க வீட்டில எப்படி ஆட்டினீங்களோ, ஐயா” என்றார். வெறுங்கையோடு திரும்பிய என்னிடம் என் தமக்கை, “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி, அதுவே போதும். காசு போனாப் போகுது, பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுட்டு விட்டுடு” என்றாள்.

அவள் சொல்லில் பக்தியும் இருந்தது, பக்குவமும் இருந்தது. நஷ்டத்தைப் பொறுத்து, வந்ததை ஈசன் சித்தமென்று ஏற்பதுதானே ஆன்மிகம், நியாயம் கேட்டுக் கடைவாசலில் நிற்பது லௌகிகமல்லவா என்ற ஐயம் என்னைச் சில நாள் அலைக்கழித்தது. அப்போது என் தாயின் நினைவு வந்தது. பழம்புடவையை விட்டத்தில் தூளியாகக் கட்டி, முடிச்சை இருமுறை இறுக்கி, தன் உடல் பாரம் முழுவதையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்த பின்னரே அவள் குழந்தையைக் கிடத்துவாள். அந்த முடிச்சுக்கு அவள் கையே சாட்சி. தொட்டிலைக் கடையில் வாங்கும் நாமோ, அந்தக் கையின் பொறுப்பை விலையோடு சேர்த்து விற்பவரிடம் ஒப்படைக்கிறோம். ஆகவே பணத்தைப் பெற்றுக்கொண்டவர் பொறுப்பையும் பெற்றுக்கொண்டவராகிறார்.

இவ்வூரின் புண்ணிய சரித்திரமே ஒரு வணிகர் இல்லத்தில் நிகழ்ந்தது. பரமதத்தன் கடையிலிருந்து அனுப்பிய மாங்கனிகள் இரண்டில் ஒன்றை அவன் மனைவி புனிதவதியார், பின்னாளில் காரைக்கால் அம்மையாரானவர், சிவனடியாருக்கு அளித்துவிட, கணவன் அடுத்த கனியையும் கேட்டபோது இறைவன் அருளால் வேறொரு கனி அவர் கையில் வந்தது. அதன் சுவை முன்னதைப் போல் இல்லாமை கண்ட பரமதத்தன், இஃது எங்கே கிடைத்தது என்று வினவினான். பண்டத்தின் மூலத்தை அறிய விரும்பும் வணிகனின் வினா அது. உண்மையைச் சொன்னதால் அம்மையாரின் இல்வாழ்க்கையே கலைந்தது. எனினும் அவர் மறைக்கவில்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்ட நபிகள் நாயகம், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கடிந்த செய்தி இவ்வூர் முஸ்லிம் வணிகர் அறியாததன்று. நடுவுநிலைமையைப் பாடிய வள்ளுவரும் அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கே வைத்தார். குறையை மறைத்து விற்பது சத்தியத்துக்கு இழைக்கும் துரோகம் என்பதில் இவர்கள் அனைவரும் ஒருமித்து நிற்கிறார்கள்.

சட்டமும் இதையே தன் பாஷையில் சொல்கிறது. இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் வழங்கிய, 1804-இல் பிறந்த பிரெஞ்சு சிவில் சட்டம், கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் விற்றவரையே பொறுப்பாக்கியது. இன்றைய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லையேல் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகமென்றே வரையறுக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2 ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. கும்பகோணத்தில் வாங்கிய பொருளுக்கும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்கிடலாம்.

எனக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பொறுக்கும் உரிமை எனக்கு உண்டு. ஆனால் அதே பட்டறையில், அதே கையால் பற்றவைக்கப்பட்ட இன்னொரு தொட்டிலில் நாளை உறங்கப்போகும், நான் காணாத குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்ள எனக்கு ஏது உரிமை? தனக்கு வந்ததைச் சகிப்பது பொறுமை. பிறருக்கு வரவிருப்பதைச் சகிப்பது வெறும் அலட்சியம். பிள்ளையாருக்குச் சிதறுகாயும் போட்டேன்; தொட்டிலைத் தூக்கிக்கொண்டு மீண்டும் கடைக்கும் போனேன்.

இம்முறை பணத்தைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ நான் முதலில் பேசவில்லை. வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்த தொட்டில்களின் கொக்கிகளை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சலிப்போடுதான் அவர் எழுந்து வந்தார். முதல் இரண்டையும் கடந்து மூன்றாவது கொக்கியின் அடியில் அவர் விரல் நின்றது, நெடுநேரம் நின்றது. பிறகு ஒன்றும் பேசாமல் அந்தத் தொட்டிலைத் தம் கையாலேயே தூக்கிக் கடையின் உட்புறம் கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்துவிட்டு, என் பில்லைக் கேட்டு வாங்கினார்.