பதக்கம் பெறாதாரும் நம் கடனும்

வீரனைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் நடுகல் எடுத்து, அதில் பெயரும் பீடும் பொறித்தவர் நம் முன்னோர். அக்கல் நாட்டும் முறைமைக்கே தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. ஆனால், எச்செயலும் புரிய வாய்ப்பின்றி, கடமைப் பயணத்தின் நடுவே மாண்டவனுக்கு நாம் பட்டுள்ள கடன் யாது?

1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், நம் விமானப் படையின் ஏ.என்.12 விமானம் ஒன்று 102 பேருடன் சண்டிகரிலிருந்து லே நகர் நோக்கிச் சென்றது. வானிலை சீர்கெட்டமையால் திரும்ப முற்பட்டது. ரோத்தங் கணவாய்ப் பகுதியில் தொடர்பு அற்றது. 2003இல் மலையேறுவோர் இமாசலப் பனிப்பரப்பில் சிதைவுகளைக் காணும்வரை அதன் முடிவு தெரியவில்லை. 2024இலும் நால்வரின் உடல்கள் மீட்கப்பெற்றன. 56 ஆண்டுகள் காத்திருந்த வீடுகளில், காத்திருந்தோர் பலர் அதற்குள் மறைந்திருப்பர் அன்றோ?

மறுபுறம் பதக்கத்தை நோக்குவோம். 1971 டிசம்பர் 14 அன்று, சீநகர் விமானத் தளம் தாக்குண்டபோது, நிர்மல்ஜித் சிங் செக்கோன் தம் நாட் விமானத்தில் எழுந்து, பகைவரின் சேபர் விமானங்களை எதிர்த்துப் பொருது வீழ்ந்தார். விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. சாவித்திரி கானோல்கர் வடிவமைத்த அப்பதக்கம் வெண்கலத்தால் ஆயது; இந்திரனின் வச்சிரம் அதில் நான்கு முறை பொறிக்கப்பெற்றுள்ளது.

பதக்கம் போற்றுவது துணிந்து செய்த செயலை. அச்செயலைக் கண்டு கூறச் சான்று வேண்டும். பனிமலையில் விமானத்தைக் காக்க இறுதிவரை போராடியவர் இருந்திருக்கலாம். கண்டு சொல்ல எவரும் எஞ்சவில்லை. எனவே, பதக்கம் இன்மை வீரம் இன்மைக்குச் சான்றாகாது. பயணிகளாய் அமர்ந்திருந்தோரும் ஆணையேற்றுப் புறப்பட்டவரே. செயலுக்கு உரியது புகழ். இழப்புக்கு உரியது தேடலும் பெயரும். இவை இருவேறு கடன்கள். ஒன்றைச் செலுத்துவதால் மற்றொன்று தீர்ந்துவிடாது.

என்போ உடலோ தேடி உயிருள்ளாரை இடருக்கு ஆட்படுத்தலாமோ என்பார் உளர். தகுந்த வினாவே. இருப்பார் உயிர் இறந்தார் உடலினும் பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், பொறுமையும் கருவியும் துணைசெய்யும். 2016 சூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற ஏ.என்.32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் இருந்தமை 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. உடல்கள் மீளவில்லை, எனினும், இல்லத்தார்க்கு ஒரு விடை கிடைத்தது.

பதக்கத்தைப் பேணுதலிலும் இவ்வறமே உண்டு. அடிக்கடி துலக்கினால் வெண்கலம் ஒளிரும். பொறித்த எழுத்தோ தேயும். பெட்டியில் பூட்டினால் உலோகம் எஞ்சும், வரலாறு எஞ்சாது. எனவே, பதக்கத்தோடு அதன் சான்றுரையையும் மடல்களையும் ஒருங்கே காத்தல் வேண்டும். பதக்கம் இல்லாத வீட்டில் ஓர் ஒளிப்படமும் பழைய மடலும் இருக்கும். அவற்றையும் அதே மதிப்போடு காப்பதே நாம் செலுத்தவேண்டிய இரண்டாம் கடன்.