கோசோங் கால்

பாலிக் புலாவுக்குச் சூரியன் தாமதமாகத்தான் வரும். மலேசியாவில் இருக்கும் எங்கள் தீவின் நடுவே ஓடும் மலை ஊருக்குக் கிழக்கே நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் வெயில் ஏறிய பிறகும் எங்கள் பக்கம் நிழல் விலகியிருக்காது. ஊரின் பெயருக்கே தீவின் மறுபக்கம் என்றுதான் பொருள். அந்த நிழல் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு சிமெண்டுத் தளத்தில் கூடுகிறோம். பெரும்பாலோர் ஹக்கா சீனர்கள், டுரியானும் ஜாதிக்காயும் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள். மலாய்க்கார அக்கா ஒருவர் வருவார். தமிழர் என்று நான் ஒருத்திதான்.

அங்கே தைச்சி என்ற சீனப் பயிற்சியைச் சொல்லித்தருபவரை எல்லாரும் சிபு என்கிறோம். எனக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. நடுவில் மலாய் இருக்கிறது. முதல் மாதம் முழுக்க அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “அக்கா, பெலான்-பெலான். காக்கி கோசோங் டூலு.” மெதுவாக, முதலில் காலியான காலை வை. ரொட்டி கோசோங் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி, எடை ஏறாத கால்.

அந்தக் காலை வைக்கிற விதம் இது. முழு எடையும் வலது காலில் இருக்கிறது, முட்டி சற்றே மடங்கியிருக்கிறது. இடது காலை எடுத்து முன்னே நீட்டுகிறோம். குதிகால் தரையைத் தொடுகிறது, அவ்வளவுதான். அடியில் ஒரு தாள் கிடந்தால் யாரும் அதை உருவிக்கொண்டு போய்விடலாம். பிறகு பாதம் முழுதாகப் படிகிறது. அதன் பின்னரே, குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் மாற்றுவதுபோல், வலது காலின் எடை இடது காலுக்குப் போகிறது. இது நிறைய நிறைய அது காலியாகிறது. ஓர் அடிக்கு ஆறேழு விநாடி ஆகும். தொடை நடுங்கும்.

நாம் தெருவில் நடக்கும் நடை வேறு. நேராக நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்குள் இருக்கிறது. சீனர்கள் டான்டியன் என்று தொட்டுக் காட்டுகிற இடமும் ஏறத்தாழ அதுதான். அங்கிருந்து ஒரு தூக்குநூல் விட்டால், அது பாதங்கள் அடைத்திருக்கும் பரப்புக்குள் விழும்வரை நிற்போம். பரப்பைத் தாண்டினால் விழ ஆரம்பிப்போம். சாதாரண நடையில் ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தூக்குநூல் ஊன்றிய காலைக் கடந்து முன்னே போய்விடுகிறது. அதாவது விழத் தொடங்கிவிட்டோம். வீசிய கால் ஓடிப்போய் ஏந்திக்கொள்கிறது. ஏந்தும் இடத்தில் பாசி இருந்தால் அந்த அடியைத் திரும்ப எடுக்க வழியில்லை, எடை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. கோசோங் காலை நீட்டியவரோ எந்த நொடியிலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

என் அம்மா விழுந்தது திரும்ப எடுக்க முடியாத ஓர் அடியில்தான். அவருக்கு அப்போது 81 வயது. கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம், வாசலில் கார் நின்றது, அப்போதுதான் மழை விட்டிருந்தது. வாசலில் மூன்று படிகள். அம்மா அவற்றில் எப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவார். ஒரு காலை இறக்கி, விரலால் தொட்டுப் பார்த்து, பிறகே மற்றக் காலை விடுவிப்பார். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் இறங்கும் வயதான பெண்கள் பலரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். அன்று நேரமாகிவிட்டது. “வாம்மா, சீக்கிரம்” என்று கையைப் பிடித்து இழுத்தவள் நான். இழுத்த இழுப்பில் அவருடைய ஈர்ப்பு மையம் பாதத்தைத் தாண்டிவிட்டது. கால் எடையோடு போய் ஈரப்படியில் இறங்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு 18 மாதம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார்.

இடைநிலைப் பள்ளியில் 28 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஈர்ப்பு மையம், தாங்கும் பரப்பு, பஸ் எந்தச் சாய்வில் கவிழும் என்பதையெல்லாம் பலகையில் வரைந்து வரைந்து கை தேய்ந்திருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்தபோது அதில் ஒரு துளிகூட என் கைக்கு வந்து சேரவில்லை. அறிந்த ஒன்று உடம்புக்குள் இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்வி அங்கேதான் எனக்குத் தொடங்கியது.

அம்மா போன பிறகு எனக்கே விழுந்துவிடுவோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. தரையைப் பார்த்தே நடந்தேன். கணுக்காலை இறுக்கி, மூச்சைப் பிடித்து, குளியலறைக்குப் போவதே ஒரு வேலையாயிற்று. இந்தப் பயமே விழவைக்கும் என்பது முதியோர் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆடாமல் அசையாமல் யாராலும் நிற்க முடியாது. சும்மா நிற்கும்போதும் உடல் முன்னும் பின்னுமாகச் சற்றே சாய்ந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கால் அதை உணர்ந்து சொல்கிறது, கெண்டைக்கால் திருத்துகிறது, மறுபடி சாய்கிறது. இறுக்கிப் பிடித்த கணுக்கால் அந்தச் சின்னத் திருத்தங்களைச் செய்ய மறுக்கிறது. அப்புறம் பெரிய திருத்தம்தான் மிச்சம், அதற்கு வயதான காலில் வேகம் இல்லை.

அதனால்தான் சிபு முதலில் எங்களைத் தளர்த்துகிறார். அவர் கற்ற வழி ஹுவாங் ஷெங்-ஷியனிடமிருந்து வந்தது. சீனாவின் ஃபுஜியானில் பிறந்து, செங் மன்-சிங்கிடம் கற்று, 1950களில் சிங்கப்பூருக்கு வந்து, மலேசியாவெங்கும் மாணவர்களை உண்டாக்கியவர் ஹுவாங். 1970இல், தம் 60ஆம் வயதில், கூச்சிங்கில் ஒரு மல்யுத்த வீரரோடு மோதி ஒருமுறைகூட விழாமல் வென்றார் என்று அவர் மாணவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அவர் வகுத்த தளர்வுப் பயிற்சிகள் ஐந்து. முதலாவதில் கையை ஆட்டவே கூடாது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகிறது, இடுப்பு திரும்புகிறது, கைகள் தாமாக வீசப்படுகின்றன. குடுகுடுப்பையைத் திருப்பினால் நுனியில் கட்டிய முடிச்சு போய்த் தோலில் அடிக்கிறதல்லவா, அப்படித்தான். முடிச்சுக்கென்று தனி பலம் கிடையாது, எல்லாம் நடுத்தண்டு திரும்பியதில் வந்தது. என் தோள் அதைப் புரிந்துகொள்ள நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை கையைக் கையாலேயே தூக்கிக்கொண்டிருந்தேன்.

மெதுவாகச் செய்வதுதான் கடினம். வேகமாகப் போகும் சைக்கிளில் சின்னப் பிள்ளையும் விழாமல் போய்விடும், நத்தை வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள், தெரியும். வேகம் நம் பிழைகளைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மெதுவாகப் போனால் ஒவ்வொரு பிழையிலும் நின்று போக வேண்டும். (முட்டிக்கு ஒரு வார்த்தை: ரொம்பத் தாழ உட்கார்ந்து காட்டுவதில் பெருமை இல்லை. மடக்க மடக்க முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் ஏறும். முட்டி கால்விரலைத் தாண்டாமல், உள்ளே சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.)

எங்களில் ஒருவருக்கு மலைச்சரிவில் டுரியான் தோட்டம். சென்ற ஜூனில் கூட்டிப்போனார். மரத்துக்கு மரம் வலை கட்டியிருந்தார்கள், இடுப்பளவுக்கு மேலே. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒன்று விழுந்தது. இலைகளில் ஒரு சரசரப்பு, அடுத்து வலை ஒரு மூச்சு இழுத்ததுபோல் கீழே போய் மேலே வந்தது, இரண்டு முறை. பழம் பள்ளமான பக்கம் உருண்டு நின்றது. முள் ஒன்றுகூட மழுங்கவில்லை. அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். இரண்டு கிலோ பழம் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கீழே வரும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம். மண்ணில் விழுந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரியாக 800 கிலோ எடை அழுத்துகிற விசை அதன் மேல் வருகிறது. பழம் வெடிக்கிறது. வலை ஒரு மீட்டர் தாழ்ந்து ஏந்தினால் அதே பழத்துக்கு 42 கிலோ. விழுந்த உயரம் ஒன்று, பழம் ஒன்று, நிற்க எடுத்துக்கொண்ட தூரம் மட்டும் வேறு.

அந்த வலையின் வேலையைத் தைச்சியில் தள்ளும் கைப் பயிற்சியில் பழகுகிறோம். இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்து, ஒருவர் தள்ள மற்றவர் பின்வாங்குவார். நான் எடையைப் பின்காலுக்கு விட்டு, இடுப்பைத் திருப்பினால், வருகிற விசை என் நடுக்கோட்டை விட்டு விலகிப் போகும், என்னைச் சுழற்றும், சாய்க்காது. நாலு தாயில் எடையால் ஆயிரம் காத்தியைத் திருப்புவது என்று சீனர்கள் இதைச் சொல்வார்கள். காத்தியில் மீன் வாங்கிய தலைமுறை நான், 16 தாயில் ஒரு காத்தி, 600 கிராம் சொச்சம். அப்படியென்றால் 150 கிராமைக் கொண்டு 600 கிலோவைத் திருப்புவது. சிபு இதைச் ‘சீ’ என்ற சக்தியால் விளக்குவார். நான் திருப்புவிசையால் புரிந்துகொள்கிறேன். இரண்டு விளக்கமும் இடுப்பை ஒரே பக்கம்தான் திருப்பச் சொல்கின்றன. அவரோடு எனக்கு இதில் வழக்கு இல்லை.

தைச்சி விழாமல் காக்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை, அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஓரிகனில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று பிரிவாக்கி, 24 வாரம் தைச்சி, எடைப் பயிற்சி, கைகால் நீட்டும் பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவில், சமநிலையில் தைச்சிக்காரர்கள் மற்ற இரு பிரிவையும் விட மேலே இருந்தார்கள். நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். எடைப் பயிற்சிக்காரர்களோடு ஒப்பிட்டால் விழுவதில் தெளிவான வேறுபாடு இல்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

டுரியான் தோட்டத்திலிருந்து திரும்பும்போது எனக்கு அம்மாவின் கடைசி மாதங்கள்தான் நினைவில் ஓடின. நினைவு தப்பிய நேரங்களில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தது ஒரே கேள்வி: “கார் போயிருச்சா?” ஒரு நாளைக்கு இருபது முறை. நான் தரைபோல் இருந்தேன். “அது போய் ஒரு வருசம் ஆச்சும்மா” என்று வெடுக்கென்று சொல்வேன். அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அந்தக் கேள்வி எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியும். அதை ஏந்த ஒரு மீட்டர் தாழ்ந்திருக்க என்னால் முடியவில்லை.

இப்போது சின்னம்மா என்னோடு இருக்கிறார், வயது 79. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து வந்து அவரை லக்சா சாப்பிட பாசாருக்குக் கூட்டிப்போவேன். படி அதே மூன்று படிதான். நான் அவருக்கு ஒரு படி கீழே நிற்கிறேன், முட்டியை மடக்கி, பாதங்களை அகட்டி. உள்ளங்கையை மேல்நோக்கி அவர் முழங்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன், பிடிப்பதில்லை. அவர் பக்கவாட்டில் திரும்புகிறார். வலது காலை இறக்குகிறார், செருப்பின் நுனி சிமெண்டைத் தொடுகிறது, நகர்த்திப் பார்க்கிறது, திருப்தியில்லை, காலை மறுபடி மேலே எடுத்துக்கொள்கிறார். தெருவில் யாரோ ஹார்ன் அடிக்கிறார்கள்.

“நேரமாச்சா?” என்கிறார்.

“இல்ல சின்னம்மா, நேரம் இருக்கு.”

மறுபடி இறக்குகிறார். இம்முறை பாதம் படிகிறது. அவருடைய எடை மெல்ல மெல்ல என் உள்ளங்கையை விட்டு அவர் காலுக்குப் போவது தெரிகிறது.