கூட்டை அகலப்படுத்தினால் போதுமா?

கோழிக்கூட்டைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் சிலர் இருக்கலாம். அறம் பற்றிய வினாக்கள் அரசவையிலும் நீதிமன்றத்திலுந்தாம் எழும் என்பது அன்னாரின் எண்ணம் போலும். நாம் அவ்வாறு கருதவில்லை. கொல்லைப்புறத்தில், கம்பிவலைக்குப் பின்னே நின்று நம் கையையே நோக்கியிருக்கும் ஓர் உயிரை நாம் நடத்தும் முறையில், அதிகாரம் கிடைத்தால் நாம் எவ்வாறு ஆள்வோம் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் நம் வீடுகளில் கோழி வளர்த்த முறை வேறு. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால், தெருவும் கொல்லையும் கோழிகளின் உடைமை. அவை குப்பையைக் கிளறும், கரையானைப் பொறுக்கும், களத்தில் சிந்திய நெல்லைத் தின்னும். வீட்டார் போடுவது ஒரு கைப்பிடி நொய்யோ தவிடோதான். பொழுது சாய்ந்தால் தாமாகவே திரும்பி வரும். பருந்து குஞ்சைத் தூக்குவதும், கீரி பெட்டையைக் கடித்துப் போடுவதும், வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூடு காலியாவதும் அன்று உண்டு. ஆகவே அதனைப் பொற்காலம் என்று போற்ற நாம் முன்வரவில்லை. ஆயினும் ஒன்று அங்கே தெளிவாக இருந்தது. இரை தேடுவது கோழியின் வேலை. நிழல் தேடுவதும், பகைமையைக் கண்டு விலகிப் போவதும் அதன் வேலையே. வீட்டுக்காரரின் கடமை இரவில் கூட்டின் கதவை அடைப்பதோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது.

இன்று மனைகள் சுருங்கிவிட்டன. தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன. அண்டை வீட்டாரின் கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டால் உறவே முறிந்துபோகும். எனவே கோழி அடைப்புக்குள் வந்தது. முதலில் ஒரு மரப்பெட்டி. பின்னர், பாவம், வாயில்லா உயிர்கள் நெருக்கடியில் தவிக்கின்றனவே என்ற இரக்கத்தால் கூட்டைப் பெரிதாக்கி, அதனோடு ஒட்டிப் பத்தடிக்கு இருபதடி கம்பிவலை அடைத்து உலவ இடம் அமைக்கிறோம். இது நற்செயல்தான், ஐயமில்லை. ஆனால் கூட்டை அகலப்படுத்திய அன்றே நம் கடமை தீர்ந்துவிட்டதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அறியாதார் நம் இல்லங்களில் இரார். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியின் சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி அதனை அவிழ்த்துவிடவும் இல்லை. அதன் பொருட்டு நரக வேதனைக்கு ஆளானாள் என்பது அச்செய்தியின் சாரம். கொடுமைக்குத் தண்டனை என்ற அளவிலேயே நாம் அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டாவது பகுதியைச் சற்று நின்று நோக்கவேண்டும். அவிழ்த்துவிட்டிருந்தால், அப்பூனையின் உணவைப் பற்றி அவளிடம் கேள்வி எழுந்திராது. ஊரில் பசித்திருந்த மற்றப் பூனைகளுக்காக அவள் பிடிக்கப்படவில்லையே! கட்டிய கயிறுதான் அந்த ஓர் உயிரின் பசியை அவள் கணக்கில் எழுதிற்று.

நம் மார்க்கச் சட்ட அறிஞர்களும் இந்த வழியிலேயே சென்றனர். கால்நடையை உடையவர் அதற்குத் தீனி அளித்தே தீரவேண்டும். மறுத்தால், உண்ணத்தக்க பிராணியாயின், தீனி கொடு, அல்லது விற்றுவிடு, அல்லது அறுத்துவிடு என்று அவர் கட்டாயப்படுத்தப்படுவார் என்பது ஷாஃபிஈ சட்ட நூல்களின் முடிவு. வைத்துக்கொண்டே வாட விடுவதற்கு மட்டும் வழி திறந்து வைக்கப்படவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கொல்லைக்குள் நுழைவோம். வேலி கோழியிடமிருந்து எதையெல்லாம் பறித்தது?

முதலாவதாக, மண்ணை. கட்டின்றித் திரியும் கோழி ஓரிடத்தில் எச்சமிட்டுவிட்டு அடுத்த இடத்திற்குப் போய்விடும். மழையும் வெயிலும் அந்த இடத்தைத் தூய்மையாக்கும். பத்துக் கோழிகளை இருநூறு சதுர அடிக்குள் விட்டால், சில மாதங்களில் அங்கே ஒரு புல்லும் எஞ்சாது. ஐப்பசி மழையில் அது சேறாகும். அந்தச் சேற்றில் எச்சமும் புழுமுட்டையும் இரத்தக்கழிச்சல் கிருமியும் சேர்ந்து கிடக்க, அதிலேயே நின்று, அதையே கொத்தித் தின்னவேண்டிய நிலை கோழிக்கு நேர்கிறது. தன் அழுக்கை விட்டு விலகி நடக்கும் உரிமையை அது இழந்துவிட்டது. எனவே அந்த நடையை நாம்தான் நடந்தாகவேண்டும்: காய்ந்த சருகும் வைக்கோலும் தென்னைநார்த் தூளும் பரப்பி அவ்வப்போது கிளறிவிட வேண்டும், இடமிருப்பின் அடைப்பை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் கோழிகளை விட்டு மறு பாதியை ஆறவிட வேண்டும். தடுப்பு மருந்தும் அவ்வாறே. நெருங்கி வாழும் கூட்டத்தில் வெள்ளைக்கழிச்சல் பரவும் வேகம் பெரிது. நெருங்கி வாழ வைத்தவர் நாம்.

கோழி புழுதியில் புரண்டு தன் இறகிலுள்ள பேனைப் போக்கிக்கொள்ளும். ஆகவே மழை படாத ஒரு மூலையில் உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் வேண்டும். காட்டுக்கோழியின் வழிவந்தது ஆதலால் இரவில் உயரத்தில் அமர்ந்துதான் அதற்கு உறக்கம் வரும். அமர ஒரு கழி வேண்டும். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கத்திரி வெயிலில் அலகைத் திறந்து மூச்சிரைக்கும்போது, தகரக் கூரையின் கீழிருந்து ஓடி வேப்பமர நிழலை அடைய அதற்கு வழியில்லை. கீற்று வேய்வதும் நண்பகலில் தண்ணீரை மாற்றுவதும் எவர் வேலை என்று சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவும் உழைப்பால் தீர்ந்துவிடும் காரியங்கள். உழைப்பால் தீராத ஒன்று உண்டு. அது நம் மனத்தில் இருக்கிறது.

கூட்டினுள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே உலவ 8 முதல் 10 சதுர அடி என்பது வளர்ப்போர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆறு கோழிகளை வைத்திருப்பவர், இடம் போதவில்லை என்று அடைப்பை இருமடங்காக்குகிறார். வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை; சந்தையில் சிறுவிடைக் குஞ்சுகளைக் காண்கிறார்; இடந்தான் இருக்கிறதே என்கிறார். ஆறு பன்னிரண்டாகிறது. ஒவ்வொரு கோழிக்கும் பங்காகக் கிடைத்த இடம் பழையபடியே ஆயிற்று! அகலப்படுத்தியது யார் பொருட்டு? தொடங்கியபோது இரக்கம் உண்மையானதுதான். பாதி வழியில் ஆசை அதன் சட்டையை வாங்கி அணிந்துகொண்டது. கடையை விரித்தவர் கடனை விரிப்பதும், வீட்டைப் பெரிதாக்கியவர் பணியாளின் அறையை மட்டும் மறப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆதலின் வலையை வாங்குமுன், இத்தனைக்கு மேல் வளர்ப்பதில்லை என்று எண்ணிக்கையை உறுதி செய்துகொள்வது நலம் என்போம். வலையடித்த பின் அந்த உறுதி வருவதரிது.

புதிய கோழிகளைச் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே என்பார், தம் சிறுவயது முதலே கோழிகளை உற்று நோக்கி வந்தவர், 1920-களின் தொடக்கத்தில் இதனை அறிவியல் நூல்முறையில் விளக்கி எழுதினார். வரிசையில் உச்சியில் இருப்பது எல்லாவற்றையும் கொத்தும். அடியில் இருப்பது எல்லாவற்றிடமும் கொத்துப்படும். கொல்லையில் கோழி வளர்த்த நம் பாட்டிமார் எவருக்கும் இது புதுச்செய்தி அன்று.

இடம் விரிந்தால் எளியது ஓடித் தப்பலாம் என்பது உண்மை. ஆனால் தீனித்தட்டு ஒன்றே இருந்தால், அடைப்பு எவ்வளவு விரிந்தாலும் வலியது அத்தட்டின் அருகில் நின்றுகொள்ளும். விரிந்த வெளியின் நடுவே ஒரு கோழி பட்டினி கிடப்பதைக் கவனியாதவர் காணமாட்டார். தட்டுகளை இரண்டு மூன்று இடங்களில் வைக்கவேண்டும். பார்வை மறைய ஒரு பலகையோ சாய்த்த ஓலையோ வேண்டும். புதியவற்றை ஓரிரு வாரங்கள் வலைக்கு அப்பால் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின்பே கலக்கவேண்டும்.

இது இயற்கைதானே, நாம் ஏன் தலையிடவேண்டும் என்று கேட்போருண்டு. காட்டில் என்றால் அப்பேச்சு பொருந்தும். அங்கே கொத்துப்பட்ட கோழி வேறு புதரை நாடிப் போகும். போக வழியில்லாமல் நான்கு பக்கமும் அடைத்துவிட்டு, உள்ளே நடப்பதை இயற்கை என்பது நேர்மையான வாதம் அன்று. வேலி போட்டவர் அந்த வழக்கில் சாட்சி அல்லர், ஒரு தரப்பினர்.

அப்படியாயின் அடைக்காமல் விட்டுவிடுவதே அறம் என்று சிலர் கூறக்கூடும். இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. வாகனத்தில் அடிபடவும் தெருநாயிடம் சிக்கவும் விட்டுவிட்டு, சுதந்திரம் அளித்தோம் என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வழியேயாகும். அடைக்கலாம், ஆனால் அடைப்பு காப்பாக இருக்கவேண்டும். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. கீரி மண்ணைத் தோண்டி வரும். மரநாய் மேலேறி வரும். வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்காமலும், இரவில் கூட்டைத் தாழிடாமலும் வளர்ப்பவர், தப்பி ஓட முடியாத இரையை அவற்றிற்காகச் சேர்த்து வைத்தவராவார்.

இவ்விடத்தில் கடையில் வாங்கும் முட்டையைப் பற்றியும் ஒரு சொல். பெரும் பண்ணைகளின் கம்பிக் கூண்டில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் கடிதம் எழுதும் ஒரு தாளின் பரப்புக்கும் குறைவாக இருப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் அவ்வகை வெறுங்கூண்டுகளை 2012-இல் தடை செய்தது. நம் நாட்டில், அசைவதற்குப் போதிய இடமில்லாக் கூண்டில் விலங்கை அடைப்பது குற்றமென 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே கூறுகிறது; 2017-இல் சட்ட ஆணையமும் கோழிகளின் வளர்ப்பிடம் பற்றித் தனி அறிக்கை அளித்தது. கொல்லையில் ஆறு கோழிகளை அன்போடு வளர்ப்பவருக்கு, அட்டையடுக்கில் வரும் முட்டையைப் பற்றிக் கேட்கும் உரிமையும் உண்டு. கேட்கவேண்டிய சங்கடமும் உண்டு.

எப்படியும் அறுக்கப்போகும் கோழிக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்பதுதான் நம்மிடையே மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தயங்குபவர்கள். அறுக்கும்போதுங்கூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, பிராணிக்கு இலகுவாக்குக என்று பணித்தவர்கள் நம் நபியவர்கள். ஒரு கோழியைக் கட்டி வைத்து இளைஞர்கள் அம்பெய்து விளையாடக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், உயிர்ப்பிராணியை இவ்வாறு கட்டிவைத்துக் கொல்வதை நபியவர்கள் தடுத்தார்கள் என்று எடுத்துரைத்த செய்தியும் உண்டு. ஒரு நொடியில் முடியும் இறுதிக்கே இத்தகைய கட்டளை இருக்குமாயின், அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டளை ஏதும் இராது என்று எண்ண இடமேது? உண்பதற்கு அனுமதி கிடைத்தது. வாழ்நாள் முழுவதையும் வதைப்பதற்கு எவரும் அனுமதி தரவில்லை.

அசுத்தம் தின்ற கோழியை மூன்று நாள் கட்டிவைத்து நல்ல தீனி போட்டு அறுக்கும் பழக்கமும் இங்கே நினைவுக்கு வருகிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வாறு செய்ததாகச் செய்தி உண்டு. உணவின் தூய்மை கருதிய ஏற்பாடு அது. துப்புரவான அடைப்பில், தூய தீனி தின்று வளர்ந்த கோழியை மீண்டும் மூன்று நாள் கால்கட்டிப் போட வேண்டிய காரணம் நமக்குப் புலப்படவில்லை.

இறுதியாக, முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைகள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் முட்டை குறைகிறது. கோழியோ அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழக்கூடியது. அகலப்படுத்திய கூட்டில் கிழக்கோழிகளே நிறைந்துவிட்டால் என் செய்வது? வைத்துக் காப்பாற்றலாம், இயலாதெனின், பிஸ்மில்லாஹ் சொல்லி வீட்டிலேயே முறைப்படி அறுக்கலாம், விற்கவும் செய்யலாம், தடையில்லை. ஆனால் வியாபாரி வந்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, பத்துக் கோழிகளைத் தலைகீழாகச் சைக்கிளில் தொங்கவிட்டு, வெயிலில் ஊர் ஊராகச் சுற்றும் காட்சியை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். காசை வாங்கி முடிந்துகொண்டு திண்ணையிலிருந்து அதனைப் பார்த்திருப்பதற்கு முன், கூடையில் வைத்துக் கொண்டு போகும்படி அவரிடம் சொல்லலாம். மறுத்தால், அன்று கோழி நம் கூட்டிலேயே இருக்கட்டும்.