நாற்காலியில் இருப்பவரின் ஓட்டம்

பொஸ்டன் மரதனில் இலக்கம் பெற்று முறைப்படி ஓட விரும்பிய டிக் ஹொய்ட்டுக்கு 1980களின் தொடக்கத்தில் விசித்திரமான நிபந்தனை ஒன்று விதிக்கப்பட்டது. அவர் தனியாக ஓடுபவர் அல்லர். மூளை முடக்குவாதத்துடன் வாழ்ந்த மகன் ரிக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுபவர். டிக்குக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதினருக்குத் தகுதி நேரம் சற்றுத் தாராளமானது. ஏற்பாட்டாளர்களோ, இருபது வயது ரிக்கின் பிரிவுக்குரிய நேரத்தை ஓடிக் காட்டும்படி கேட்டார்கள். 42.195 கிலோமீட்டரை 2 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவும் நாற்காலியோடு. வொஷிங்டனில் நடந்த மரீன் கோர் மரதனில் தகப்பனும் மகனும் அதைச் செய்து காட்டினார்கள். அதன்பின் பொஸ்டனில் இலக்கத்தோடு ஓடினார்கள்.

கழித்துக்கட்டுவதற்காகப் போட்ட விதி என்றுதான் பலரும் இதை வாசிப்பார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்த விதிக்குள், போட்டவர்களுக்கே தெரியாமல், ஒரு நியாயம் புகுந்துவிட்டது. ஓடும் கால்கள் தகப்பனுடையவை, போட்டியாளர் மகன். இந்த ஓட்டம் யாருடையது என்ற கேள்விக்கு மரதன் அலுவலகம், வேண்டாவெறுப்பாகவேனும், நாற்காலியில் இருந்தவரைக் கைகாட்டியது. கைதட்டும் கூட்டம் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

இதே காட்சியைக் கண்டியில் வைத்துப் பார்க்கலாம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டிய வாவியைச் சுற்றிவர மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழப் பதின்மூன்று சுற்று வந்தால் ஒரு மரதன் ஆகிவிடும். ஓர் அண்ணன் தங்கச்சியை, அல்லது ஒரு மகன் தாயை, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்தக் கரையில் ஓடினால் தலதா மாளிகைக்கு வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். கைபேசிகள் உயரும். தள்ளுபவருக்கு, "எப்பேர்ப்பட்ட பிள்ளை! பெற்ற கடனைத் தீர்க்கிறான்." நாற்காலியில் இருப்பவருக்கு, "ஐயோ பாவம்." பக்கத்தில் நிற்பவர் அதையே சிங்களத்தில் சொல்வார். அவளுக்குப் பேர் என்ன, ஓட ஆசைப்பட்டது யார், இப்போது குளிர்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. புண்ணியம் முழுக்கத் தள்ளுகிறவர் கணக்கில் ஏறிவிடும்.

தியாகத்தின் புகழ் இப்படி ஒரு பக்கமாகச் சாய்வது நம் பிரதேசத்துக்குப் புதிதல்ல. கண்டிக்கு அருகே, அமுனுகமவில் உள்ள தெகல்தொருவ குகை விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் வெஸ்ஸந்தர சாதகக் கதை நீளநீளப் பட்டைகளாக விரிகிறது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்த இளவரசன், கடைசியில் தன் இரண்டு பிள்ளைகளையும் கிழப் பிராமணன் ஒருவனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறான். தானத்தின் உச்சம் என்று போற்றப்படும் கதை. ஆனால் பௌத்த மரபுக்குள்ளேயே அந்தத் தானம் ஒருவரை உறுத்தியிருக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்னும் நூலில் மிலிந்த மன்னன் நாகசேன தேரரிடம் நேராகவே கேட்கிறான்: அந்தப் பிள்ளைகள் சம்மதித்தார்களா? தேரர் மழுப்பவில்லை. மனைவி சம்மதித்தாள், பிள்ளைகள் சம்மதிக்கவில்லை, அவர்கள் சிறுவர்கள், விளங்கியிருந்தால் அவர்களும் சம்மதித்திருப்பார்கள் என்கிறார்.

விளங்கியிருந்தால் சம்மதித்திருப்பார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீடுகளில் இந்த வாதம் இன்றும் தினசரி நடமாடுகிறது. கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கும் அதே வாதம்தான், கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதற்கும் அதே வாதம்தான். பெரும்பாலும் அன்பில் பிறக்கிறது என்பதால் இதை எதிர்ப்பதும் கடினம். மரதன் என்று வரும்போது வாதம் இன்னும் பலப்படுகிறது: வெளிக்காற்று, சனம், கைதட்டல்; யாருக்குத்தான் பிடிக்காது? பிடிக்காதவர்கள் உண்டு. கூட்டத்தின் இரைச்சலில் உடம்பு விறைத்துப்போகும் பிள்ளைகள் உண்டு. தன் நிலையை ஊர் பார்ப்பதையே விரும்பாத பெரியவர்களும் உண்டு.

ஹொய்ட் கதையில் கைதட்டத்தக்க இடம் ஓட்டத்துக்கு முந்தியது. 1962இல் ரிக் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தில் சுற்றி மூளைக்கு ஒட்சிசன் குறைந்தது. பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. அவர்கள் விடவில்லை. பேச முடியாத பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது என்பதில் தாய் ஜூடி பிடிவாதமாக நின்றார். பாடசாலைக் கதவைத் திறப்பதற்காக வருடக்கணக்கில் போராடினார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள், தலையசைவால் எழுத்தைத் தெரிந்தெடுக்கும் ஒரு கருவியை 1972இல் செய்து கொடுத்தார்கள். குடும்பமே முதல் வார்த்தைக்காகக் காத்திருக்க, பையன் சொன்னது அம்மாவையும் அல்ல, அப்பாவையும் அல்ல. தன் ஊர் ஹொக்கி அணிக்கு ஒரு வாழ்த்து! தன் விருப்பம் உள்ள மனிதர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி தேவையில்லை. விபத்தில் முடங்கிய ஒரு விளையாட்டு வீரருக்காக 1977இல் ஐந்து மைல் நிதி ஓட்டம் ஒன்று நடந்தது. அதில் ஓட வேண்டும் என்று கேட்டவர் ரிக். டிக் அப்போது ஓட்டக்காரரே அல்லர். முடிந்தபின், ஓடும்போது தனக்கு ஊனம் இருப்பதாகவே தோன்றவில்லை என்று மகன் அந்தக் கருவியில் சொன்னதுதான், பிறகு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்களின் தொடக்கம்.

ஆக, அந்த மரதன்களின் அத்திவாரம் தகப்பனின் கால் அல்ல. "வேண்டும்", "வேண்டாம்" என்று சொல்லக் கிடைத்த வழி. அந்த வழியைத் திறந்ததில் ஜூடியின் பங்கு பெரியது. மரதன் தொடங்கும் ஹொப்கின்டனில் 2013இல் வைத்த வெண்கலச் சிலையில் தகப்பனும் மகனும்தான் இருக்கிறார்கள். பாடசாலை நிர்வாகத்துடன் மல்லுக்கட்டுவதைச் சிலை வடிப்பது கஷ்டம்தான்.

சம்மதம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியா? உடம்பு இருக்கிறது. ஓடுபவர் வியர்க்கிறார், நாற்காலியில் இருப்பவர் அசையாமல் இருக்கிறார். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் தை மாத விடியற்காலைப் பனியில், ஒருவர் பெனியனோடு ஆவி பறக்க ஓடும்போது மற்றவருக்குக் குளிரெடுக்கும். முள்ளந்தண்டு காயமுள்ள ஒருவர் பதினைந்து நிமிடத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒருமுறை உடம்பை உயர்த்தி அமுக்கம் விடவேண்டும் என்று தாதிமார் சொல்லிக் கொடுப்பார்கள். தவறினால் புண் வரும், வந்த புண் ஆற மாதங்கள் எடுக்கும். மரதனோ பலருக்கு நாலு, ஐந்து மணித்தியாலம். ஆஸ்பத்திரியில் காணும் சாதாரண நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. வடிகால் மூடிகளின் இடுக்கில் ஒன்று மாட்டினால் இருப்பவர் முன்னே தூக்கி எறியப்படுவார். ஓட்டத்துக்கென்று செய்யும் நாற்காலிக்கு மூன்று சக்கரம், முன்னால் உள்ளது பெரியது, பிரேக்கும் உண்டு. ஏற்றத்தைவிட இறக்கம் பயங்கரமானது: நாற்காலியின் பாரம் தள்ளுபவரின் கையை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். இடுப்புப் பட்டியை இறுக்காமல் கண்டி மலைச்சரிவில் இறங்குவது பக்தியுமல்ல, பாசமுமல்ல, முட்டாள்தனம். இந்த ஆபத்துகளில் ஓடுபவர் தனக்காக ஏற்பது தன் முழங்காலை மட்டும். மற்றதெல்லாம் அடுத்தவர் உடம்பின் மேல் விழுகிறது. எனவே நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அந்த உடம்புக்கு உரியவரிடம்தான் இருக்க வேண்டும். கை உயர்த்தினால் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

இன்னொரு கடுமையான மறுப்பும் உண்டு. அவுஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், தானும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையில், மாற்றுத்திறனாளிகளை மற்றவர்கள் உற்சாகம் பெறுவதற்கான காட்சிப் பொருளாக்குவதைச் சாடினார். அவரது கோபம் நியாயமானது. நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து, "இவரே இப்படி என்றால் எனக்கென்ன குறை" என்று ஆறுதல் தேடுவது, அவருடைய வாழ்க்கையைத் தன் மனநிலைக்கு மருந்தாக அரைத்துக் குடிப்பது. ஆனால் அந்த மறுப்பைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால், பார்க்கிறவர்களின் பார்வை கோணலாக இருக்கிறது என்பதற்காக, ஓட ஆசைப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டி வரும். பார்ப்பவரின் குற்றத்துக்கு ஆசைப்பட்டவர் தண்டனை அனுபவிப்பதில் என்ன நீதி இருக்கிறது? ரிக் 1993இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அவரைக் காட்சிப் பொருள் என்று சொல்ல அவரது அனுமதி வேண்டும்.

ஸ்டெல்லா யங்கின் கோபம் உண்மையில் சுட வேண்டிய இடம் கண்டியில் வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதத்தினருக்குப் பார்வை, கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோ ஒரு சிரமம் இருந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களது உரிமையைப் பேசுகிறது. பொதுக் கட்டடங்களுக்கு அவர்கள் போய்வர வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் 1992இல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழ் முடங்கிப்போன கிரிக்கெட் நடுவர் கலாநிதி அஜித் பெரேரா, அந்த விதிகளைக் கையிலெடுத்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011இல் சாதகமான கட்டளையும் பெற்றார். ஓடவில்லை, மெடலும் இல்லை. ஆனால் ஒரு வங்கிப் படிக்கு அருகே சாய்தளம் போடப்பட்டால், தள்ள ஆளில்லாதவரும் தனியாக உள்ளே போவார். வருடத்தில் ஒரு ஞாயிறு வீதியை மூடி நாற்காலி ஓட்டத்துக்குக் கைதட்டிவிட்டு, திங்கட்கிழமை அதே நாற்காலிக்கு நடைபாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழிமறிக்கும் நகரம், கைதட்டலுக்கு வெட்கப்பட வேண்டும்.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களில், நிலைமை இன்னும் பச்சையானது. லயத்திலிருந்து பாதைக்கு ஏறும் படிகளில் நாற்காலியே உருளாது. கிளினிக் நாளன்று வளர்ந்த பிள்ளையை முதுகில் சுமந்து பாதைக்கு வந்து, ஓட்டோ பிடித்து, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், பின்னேரம் அதே படிகளில் சுமந்து இறங்குகிற தாய்மார் இருக்கிறார்கள். மறுநாள் கொழுந்தெடுக்கவும் போவார்கள். அவர்களைப் பார்த்து "தியாகம்" என்று உருகுவது மிக மலிவு. அவர்களுக்கு வேண்டியது படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை.

இதனால் ஓட்டம் வீண் என்று ஆகாது. ஒருவருக்கு மருந்தும் சாய்தளமும் மட்டும் போதும், ஆசை தேவையில்லை என்பதும் ஓர் இளக்காரம்தான். வேகத்தில் முகத்தில் காற்றடிக்கும் சுகத்துக்கு எல்லாருக்கும் உரிமை உண்டு.

சிக்கலான வழக்கு ஒன்று மிஞ்சுகிறது: கருவியாலும் சொல்ல முடியாதவர், ஞாபகம் அழிந்துபோன அம்மா, "மரதன்" என்றால் என்ன என்று விளங்காத பிள்ளை. இங்கே நாகசேனரின் பதில் திரும்பவும் கதவைத் தட்டுகிறது. அதை உள்ளே விடாமலிருக்க ஒரே வழி, பெரிய கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைப்பது. மரதனுக்குச் சம்மதமா என்று கேட்க முடியாவிட்டாலும், இந்தச் சுற்றுப் பிடிக்கிறதா என்று முகத்தில் பார்க்கலாம். பேராதனைப் பூங்காவின் சமதளப் பாதையில் ஒரு காலை மெல்ல ஓடிப் பார்க்கலாம். திரும்பி நாற்காலியை எடுத்ததும் கை நீட்டுகிறாளா, முகத்தைத் திருப்புகிறாளா? நித்தம் குளிப்பாட்டிச் சோறூட்டுபவருக்கு அது விளங்கும். தள்ளிக்கொண்டு பின்னால் ஓடுபவருக்கோ அவள் முகமே தெரியாது. அதனால் முகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் சைக்கிளிலாவது வரவேண்டும், நிறுத்து என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

ஏற்பாட்டாளர்களுக்கும் இதில் பங்குண்டு. விண்ணப்பத்தில் இரண்டு பேர், இரண்டு இலக்கம், முடிவுப் பட்டியலில் நாற்காலியில் இருப்பவரின் பெயர் முதலில். விலகுவோருக்கான வாகனத்தில் நாற்காலி ஏற ஒரு சாய்பலகை. அந்த வாகனம் படி வைத்த வழக்கமான பஸ்ஸாக இருந்தால், பதினைந்தாவது கிலோமீட்டரில் "போதும்" என்று கை உயர்த்திய பிள்ளை, மிச்சம் இருபத்தேழையும் நாற்காலியிலேயே கடக்க வேண்டியிருக்கும். முடிவுக் கோட்டில் அவளுக்கும் ஒரு மெடல் போட்டுப் படம் எடுப்பார்கள்.