எதன்மேல் ஏக்கம்?

கழிந்துபோன நாட்களை நினைந்து ஏங்குதல் மனிதர்க்கு இயல்பென்பர் ஒரு சாரார். அஃது அறிவின் சோர்வென்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுள் எது மெய் என்று ஆராயப் பேரரசுகளின் வீழ்ச்சியை எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. சிறு பிள்ளைகள் பார்க்கும் சித்திரப் படம் ஒன்றே போதும். நேயர்கள் நகைக்க வேண்டா. நகைப்புக்கிடமான சிறு பொருளை வைத்து ஆராயும்போது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சற்றுக் கடினம். பெரிய பொருள்களைப் பற்றிப் பேசும்போதுதான் பெரிய பொய்களும் எளிதில் நுழைந்துவிடுகின்றன.

சென்ற மாதம் சம்பள நாளன்று நடந்தது இது. என் மேசைமேல் உள்ள தேநீர்க் கோப்பையில் நீல நிறப் பூனை ஒன்றின் படம் அச்சிட்டிருக்கிறது. சம்பளச் சீட்டு வாங்க வந்த வங்காளதேசத்து வாலிபர் ஒருவர், செம்பனைக் குலை வெட்டுபவர், அக்கோப்பையைக் கண்டதும் "டோரேமோன்!" என்று கூவிவிட்டார். ஈராண்டாக எங்கள் தோட்டத்தில் இருப்பவர். முன்பணத்தைப் பற்றியும் மருந்துச் சீட்டைப் பற்றியும் அன்றி என்னிடம் வேறு பேசியறியாதவர். அன்று அரைகுறை மலாயில் கால் மணி நேரம் பேசினார். தம் ஊரில் அப்படம் இந்தி மொழியில் வந்ததென்றும், பள்ளி விட்டதும் தாமும் தங்கையும் ஓடிவந்து அதன்முன் அமர்வதுண்டென்றும், பிள்ளைகள் வங்காள மொழியை விட்டு இந்தி பேசத் தொடங்கிவிட்டார்களென்று 2013-இல் அரசாங்கம் அவ்வொளிபரப்பையே நிறுத்திவிட்டதென்றும் சொன்னார். நான் அதே படத்தை மலாயில் பார்த்தவன். அது பிறந்ததோ ஜப்பானிய மொழியில். பேசி முடிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. சம்பளச் சீட்டை விரித்துக்கூடப் பாராமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இந்த வாட்டம் எதனால் வந்தது? பூனைப் படத்தாலா? இதுவே என் வினா.

படத்தை அறியாத பெரியோர்க்காகச் சில சொற்கள். ஹிரோஷி ஃபுஜிமோட்டோ என்னும் ஜப்பானியச் சித்திரக்காரர், பிற்காலத்தில் ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயர் பூண்டவர், 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் சிறுவர் மாத இதழ்களில் இக்கதையைத் தொடங்கினார். 1973-இல் ஒருமுறை தொலைக்காட்சிக்கு வந்து சில மாதங்களில் நின்றுபோயிற்று. 1979 ஏப்ரலில் மீண்டும் தொடங்கி நிலைபெற்றது. நோபிதா என்றொரு பள்ளிச் சிறுவன். படிப்பிலும் விளையாட்டிலும் கடைசி. அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒருநாள் ஒரு பிள்ளையும் ஒரு பூனை வடிவ இயந்திரமும் வெளிவருகின்றன. அப்பிள்ளை அவனுடைய கொள்ளுப்பேரனுக்கும் பிந்திய சந்ததி. நோபிதா பிற்காலத்தில் தொழில் நடத்தி நொடித்து, அவன் பட்ட கடனைச் சந்ததியார் தலைமுறை தலைமுறையாய்க் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புத்தாண்டுக் கைவிசேஷமாகத் தனக்கு 50 யென்தான் கிடைத்தது என்று அப்பிள்ளை முறையிடுகிறான். ஆகையால் மூதாதையைத் திருத்துவதற்கென்றே டோரேமோனை அழைத்து வந்திருக்கிறான்.

பாட்டன் வாங்கிய கடனைப் பேரன் உழைத்துத் தீர்ப்பதென்பது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதுக்கதையன்று. ஆனால் பேரன் திரும்பிப் போய்ப் பாட்டன் சட்டையைப் பிடித்துக் கேட்பது மட்டும் நமக்குப் புதிது. நோபிதாவும் சாமர்த்தியமாக ஒரு கேள்வி கேட்கிறான்: என் வாழ்வு மாறிவிட்டால் நீ பிறக்கவே மாட்டாயே? அதற்கு அப்பிள்ளை, தோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு எந்த வண்டியில் ஏறிப் போனாலும் ஒசாக்காவே வந்து சேரும் என்கிறான். தத்துவ சாஸ்திரிகள் இவ்விடையை ஒப்புவார்களோ, அறியேன். பத்து வயதில் நான் ஒப்புக்கொண்டேன்.

இனி ஏக்கத்துக்கு வருவோம். ஆங்கில வழியே பயின்றவனாதலால் அம்மொழியார் இதற்கு வழங்கும் நாஸ்டால்ஜியா என்ற சொல்லின் வரலாற்றைத் தேடினேன். அது முதலில் ஒரு நோயின் பெயராக இருந்தது. 1688-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யோஹானஸ் ஹோஃபர் என்பவர், வீடு திரும்புதல், துன்பம் எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதனை ஆக்கினார். அந்நிய நாடுகளில் கூலிக்குப் போர்புரிந்த ஸ்விஸ் வீரர்கள் ஊர் நினைவால் மெலிந்து கிடப்பதற்கு இட்ட பெயராக அது பரவிற்று. ஊருக்கு அனுப்பிவிடுவதே சிறந்த மருந்து என்று கருதினர். பின்னர் ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் கான்ட், 1798-இல் வெளியிட்ட நூலொன்றில் இம்மருந்தைப் பற்றிக் கூரிய ஒரு கருத்துச் சொன்னார். அவ்வீரர்கள் ஊர் திரும்பியதும் ஏமாற்றமடைகிறார்கள். ஏமாற்றத்தினாலேயே நோய் தீர்கிறது. அவர்கள் விரும்பியது ஊரை அன்று, அங்குக் கழித்த இளமையை. அஃது ஊரில் இல்லை என்பது அவர் கருத்து.

இதைக் கொண்டு என் நண்பர் ஒருவர், தீவிரச் சீர்திருத்தக்காரர், வாதத்தை முடித்துவிட்டார். "கண்டீரா, ஏங்குவது இளமைக்கே. இளமையில் பார்த்ததெல்லாம் நல்லதென்று தோன்றும். இந்த மயக்கம்தான் பாட்டன் செய்தான் என்பதற்காக மூடவழக்கங்களையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்கிறது. பூனைப் படத்தில் தொடங்குவது சாதிப் பெருமையில் போய் முடியும்" என்றார்.

அவர் கூற்றில் பெரும்பகுதியை நான் மறுக்கவில்லை. ஏக்கம் ஒரு நல்ல சாட்சியன்று. என் பிள்ளைப் பருவத்து லயத்தை அது பொன்னிறமாகக் காட்டுகிறது. ஒழுகிய தகரக் கூரையை அது காட்டுவதில்லை. பின்கட்டுக் கால்வாயின் நாற்றம் அதற்கு எட்டுவதில்லை. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டதை அது சொல்வதில்லை. வியாபாரிகளும் இதனை நன்கறிவர். கவாசாக்கி நகரில் அச்சித்திரக்காரர் பெயரால் 2011-இல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைகளையும் அழ வைக்கத்தக்க திரைப்படங்களை 2014-இலும் 2020-இலும் வெளியிட்டார்கள். அழுகைக்கும் நுழைவுச் சீட்டு உண்டு.

ஆயினும் நண்பரின் வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. படம்தான் ஏக்கத்தின் பொருள் என்றோ, இளமைதான் அதன் பொருள் என்றோ சொல்லிவிட்டால் போதுமா? டோரேமோனுக்கு 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா அம்மையார். அவர் ஞாபக மறதி நோயுற்றிருக்கிறார் என்று 2015-இல் அவர் கணவர் வெளியிட்டார்; 2024-இல் தம் 90-ஆம் வயதில் அம்மையார் காலமானார். அச்செய்தியைக் கேட்டு ஜப்பானில் என் வயதினர் கலங்கினர். எனக்கும் வருத்தம்தான், ஆனால் நான் சிறுவனாயிருந்தபோது அவர் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டது மலாய்க் குரல். வங்காளதேசத்து வாலிபர் கேட்டது இந்திக் குரல். மூவரும் ஒரே பெயரைச் சொல்லி ஏங்குகிறோம். மூவர் காதிலும் ஒலித்தது வேறு. இளமை ஒன்றே காரணமென்றால் இளமையில் பார்த்த பத்துப் படங்களில் இந்த ஒன்றைக் கண்டு அவர் முகம் வாடுவானேன்? அவர் பேச்சில் பூனை இரண்டு முறை வந்தது. தங்கை பலமுறை வந்தாள்.

ஆகவே நான் என் வீட்டை நினைத்துப் பார்த்தேன். அந்த லயத்து வீட்டில் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டி. சிமெந்துத் தரையில் அதற்கு மிக அருகில் நான். எனக்குப் பின்னால், சுவரோரமாக, என் அப்பாயி. தந்தையைப் பெற்றவர், பால்மரம் வெட்டியவர். அவருக்கு வேலைக்காட்டு மலாய் தெரியும். படத்தில் விரைந்து பேசும் மலாய் விளங்காது. ஆகையால் இடையிடையே கேட்பார். ஒருநாள், "ஏன்டா தம்பி, அந்தப் பூனைக்குக் காது எங்கடா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அப்பூனைக்குக் காதுகள் இல்லை, எலி கடித்துவிட்டது, அதனால்தான் பூனையாயிருந்தும் எலியைக் கண்டால் நடுங்குகிறது. கதையின் வேடிக்கையே அதில்தான் இருக்கிறது. எனக்கு அது தெரியும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "சும்மா இரு அப்பாயி, உனக்குப் புரியாது" என்றேன், திரும்பிப் பாராமலே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பதின்மூன்றாம் வயதில் அவர் இறந்துபோனார்.

அத்தொடரில் பாட்டியைப் பற்றியே ஒரு கதை உண்டு. நோபிதாவுக்குப் பழைய கரடிப் பொம்மை ஒன்று அகப்படுகிறது. கிழிந்த இடத்தை, இறந்துபோன பாட்டி தைத்துக் கொடுத்தது. உடனே காலயந்திரத்தில் ஏறிப் பாட்டி உயிரோடிருந்த நாளுக்குப் போகிறான். தாய்க்கே அவனை அடையாளம் தெரியவில்லை. யாரோ அந்நியப் பையன் என்று எண்ணுகிறாள். பாட்டியோ அவன் பெயரைச் சொன்னதும் ஐயுறாமல் ஏற்றுக்கொள்கிறாள். நீ பள்ளிக்குப் போவதைப் பார்க்க ஆசை என்கிறாள்; அவன் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து காட்டுகிறான். உன் மனைவியையும் பார்க்க ஆசை என்கிறாள். அவன் தன் காலத்துக்கு ஓடிவந்து, தோழி ஷிஸுகாவை இப்போதே மணந்துகொள் என்று கேட்டு அவளைத் திகைக்க வைக்கிறான்.

இக்கதையின் காட்சிகள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகமிருக்கின்றன. அதைப் பார்த்த நாளில் என் அப்பாயி பின்னால் அமர்ந்திருந்தாரா, அடுப்படியில் இருந்தாரா என்பது ஞாபகமில்லை. எத்தனை முயன்றும் வரவில்லை. முன்னால் இருந்ததை மனம் சேமித்தது. பின்னால் இருந்தவரை விட்டுவிட்டது. இப்போது ஏங்கும்போது, தன்னிடம் உள்ள ஒரே பொருளாகிய படத்தைக் காட்டி, இதற்குத்தான் ஏங்குகிறேன் என்கிறது. படம் இன்றும் கிடைக்கிறது; வேண்டும்போது கைப்பேசியில் பார்க்கலாம். பார்த்தேன். ஏக்கம் தீரவில்லை. கான்ட் சொன்ன வீரர்களுக்கு இருந்த மருந்து எனக்குப் பலிக்கவில்லை.

இன்னொரு சாட்சியையும் சொல்லவேண்டும். நான் பிறந்த தோட்டத்திலேயே இன்று கிராணியாயிருக்கிறேன். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அலுவலகத்தின் பின்னறையில் பழைய செக்ரோல் ஏடுகள் சில கறையானுக்குத் தப்பிக் கிடக்கின்றன. 2001-ஆம் ஆண்டு ஏட்டைப் பிரித்தேன். அப்பாயியின் பெயர் இருந்தது. ஒரு மாதத்தில் 26 நாள் பெயர் விழுந்திருந்தது, மறுமாதம் 25. பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் அப்போது அவருக்கு வயது 54. சுவரோரத்தில் காரணமின்றி அமர்ந்திருக்கும் கிழவி என்றே நான் எண்ணியிருந்தேன். விடியுமுன் பெரட்டில் நின்று, மரம் வெட்டி, பால் சுமந்து, ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்த தொழிலாளி அவர். கால் நீட்டி அமரும் அந்த அரைமணி நேரத்தில், பேரன் சிரிப்பது எதற்கென்று அறிய விரும்பினார். அவ்வளவுதான்.

ஏக்கம் மறைத்ததைச் செக்ரோல் காட்டிவிட்டது. ஆனால் ஏக்கம் இல்லாதிருந்தால் நான் அந்த ஏட்டைப் பிரித்தே இருக்கமாட்டேன். இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். பழமையைப் பிடித்துக்கொண்டு, அது போல் மீண்டும் வரவேண்டும் என்று நிற்பவர் ஒருவர். அங்கே எதையோ கொடாமல் வந்துவிட்டோமே என்று உறுத்தப்படுகிறவர் மற்றொருவர். இருவருக்கும் ஏக்கம் என்ற ஒரே பெயரிடுதல் முறையன்று. முன்னவர்க்குப் பழைய வீடு வேண்டும். பின்னவர்க்கு அந்த வீடு வேண்டா. அங்கிருந்த ஒருவர்க்கு ஒரு வரி விடை சொல்லவேண்டும்.

"இறந்தவர்க்கு எப்படிச் சொல்வீர்? திவசம் கொடுப்பீரோ?" என்று நண்பர் கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார், ஆயினும் கேள்வி நியாயமானதே. திவசத்தால் அப்பாயிக்குக் காது கேட்கப் போவதில்லை. காலயந்திரமும் நம்மிடம் இல்லை. அவர்க்குரியதை அவரிடம் செலுத்த வழியே இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். இன்னொருவரிடம் செலுத்தினால் கணக்கு நேராகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கிராணி வேலையில் ஒருவர் பெயரில் விழவேண்டியதை மற்றொருவர் பெயரில் எழுதுவது குற்றம்.

என் மகனுக்கு இப்போது எட்டு வயது. அவனும் அந்தப் பூனையைப் பார்க்கிறான், கைப்பேசியில், காதில் ஒலிக்கருவி செருகிக்கொண்டு. கருவியைக் கழற்றிவிட்டு அதை ஆத்தாவுக்குச் சொல் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கட்டளையிட்டுச் செய்விக்கும் அன்பு அன்பாகுமா என்று நண்பர் இதற்கும் ஒரு வாதம் வைத்திருக்கிறார். அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மகன் கதையை ஒழுங்காகச் சொல்வதில்லை; முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றுகிறான். என் தாயார் நடுநடுவே கேள்வி கேட்கிறார். சில நாள் பாதிக் கதையிலேயே உறங்கிப்போகிறார். அவன் அதைக் கவனியாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.