காத்திருப்பின் கணக்கு

அமெரிக்கப் படைத்துறைத் தாள்களில் வீரரின் மனைவிக்கு ஒரு பெயர் உண்டு: 'டிபெண்டன்ட்', அதாவது சார்ந்திருப்பவர். பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். என்னோடு எம்.ஏ. தமிழ் படித்த தோழி ஒருத்தி பதினோரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, தன் சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைத்தவள். இன்று ஜப்பானில், சார்ந்திருப்பவர் என்ற தகுதியில் கிடைத்த அட்டையைக் காட்டினால்தான் அவள் தன் வீட்டுக்குப் போக முடியும். கணவர் அமெரிக்கக் கடற்படையில் பணிபுரியும் தமிழர். வீடு யோகோசுகா தளத்தின் மதிலுக்குள் இருக்கிறது.

யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் அந்த ஊரின் வரலாறு வேறு பதில் சொல்கிறது. 1945 வரை ஜப்பானியப் பேரரசின் கடற்படைத் தளமாக இருந்த யோகோசுகா, போருக்குப் பின் அமெரிக்கர் கைக்கு வந்தது. 1973இல் 'மிட்வே' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதைத் தாய்த்துறைமுகமாகக் கொண்டது. மாலுமிகளின் குடும்பங்களும் அங்கே குடியமர்ந்தன. கரிசனம் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. அமெரிக்கக் கரையிலிருந்து இத்தனை தொலைவில் கப்பலை நிறுத்திவைக்க வேண்டும், ஆனால் பிரிவு தாங்காமல் மாலுமிகள் வேலையை விட்டுப் போய்விடக் கூடாது. அடுப்பையும் தொட்டிலையும் கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இரண்டும் நடக்கும். எரிபொருள் கிடங்கைப் போல, பழுதுபார்க்கும் துறையைப் போல மனைவியும் அந்தத் திட்டத்தில் ஓர் உறுப்பு. அவளைத்தான் சார்ந்திருப்பவள் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்பது அவள் அனுப்பும் குரல்பதிவுகளிலிருந்து எனக்குத் தெரியும். விடியுமுன் கணவரை அனுப்பி, பிறகு மகனைத் தளத்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள். தளத்துக் கடையில் டாலருக்குப் பால், கேட்டுக்கு வெளியே யென்னுக்கு முள்ளங்கி. புதிதாக வந்திறங்கிய பத்தொன்பது வயது மனைவிக்கு ரயில் சீட்டு எடுக்கச் சொல்லித்தருகிறாள். கணவன் கடலில் இருக்கும்போது பிரசவ வலி கண்டவளோடு ஆஸ்பத்திரியில் இரவு தங்குகிறாள். கப்பல் கிளம்பும் தேதி தெரிந்தாலும் சொல்லக் கூடாது. ஊரிலிருந்து அம்மா, "மாப்பிள்ளை எப்ப வருவாரு?" என்று கேட்கும்போதெல்லாம் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறாள். பெற்ற தாயிடம் பொய் சொல்வதும் அந்த நாட்டின் பாதுகாப்புக்காக அவள் செய்யும் வேலைதான். சம்பளப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இப்படிப்பட்ட உழைப்பைப் பற்றி சிந்தியா என்லோ 1980களிலேயே எழுதிவிட்டார். அரசுக்கும் தெரியாமல் இல்லை. அதிகாரியின் பதவி உயர்வில் மனைவி விருந்துகளை எப்படி நடத்துகிறாள், தொண்டுப் பணிக்கு வருகிறாளா என்பதெல்லாம் எடைபோடப்பட்ட காலம் இருந்தது. மனைவியின் வேலையையோ தொண்டையோ கணவரின் மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்று 1988இல் பாதுகாப்புத் துறை எழுத்திலேயே உத்தரவு போட வேண்டியிருந்தது. ஓய்வூதியக் கதை இன்னும் கசப்பானது. மணமுறிவின்போது படைவீரரின் ஓய்வூதியத்தில் மனைவிக்குப் பங்கு பிரித்துத்தர முடியாது என்று 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மாநில நீதிமன்றங்கள் பங்கு பிரிக்கலாம் என்றது. ஆனாலும் அந்தப் பங்கை அரசே நேராக அவள் கையில் தர வேண்டுமானால், மணவாழ்வில் பத்தாண்டுகளாவது கணவரின் பத்தாண்டுச் சேவையோடு சேர்ந்து ஓடியிருக்க வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் முறிந்தால் அவளே அலைய வேண்டியதுதான்.

இதுவரை நமக்குப் பழகிய பாதை. மறைந்து கிடக்கும் பெண்ணுழைப்பை வெளியே எடுப்பது, பெயரிடுவது, கூலி கேட்பது. என் மாணவிகள் இதை நன்றாக எழுதுவார்கள். எனக்குச் சிக்கல் தொடங்கியது தோழி கப்பலுக்குப் போய்வந்த கதையைக் கேட்டபோதுதான்.

கப்பல் துறையில் நிற்கும் காலத்திலும் சில நாள்களுக்கு ஒருமுறை அவள் கணவர் இரவும் அங்கேயே தங்க வேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு சாப்பிடப் போயிருக்கிறாள். முந்நூறு பேர் வேலை செய்யும் நாசகாரிக் கப்பல் அது. ஏணிகள் செங்குத்தாக இருக்கும் என்பதால் புடவையை விட்டு ஜீன்ஸும் மூடிய ஷூவும் போட்டுக்கொண்டாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குப் படுக்கைகள். புரண்டு படுத்தால் மேலடுக்கு தோளில் இடிக்குமாம். முன்தளத்தில் சதுரம் சதுரமாக இரும்பு மூடிகள். அவற்றின் கீழே ஏவுகணைகள். முன்னும் பின்னுமாக அந்த வகைக் கப்பலில் அப்படித் தொண்ணூறு அறைகளாவது இருக்கும்.

"பையன் மூடியெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தான்டி. நான் கையில தேங்காய் சாதம் டப்பாவோட நின்னேன். அது ரெண்டும் ஒரே இடத்துல இருக்கிறது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு."

2003 மார்ச்சில் ஈராக்கின் மீது முதல் ஏவுகணைகளைச் செலுத்திய கப்பல்களில் 'கௌபென்ஸ்' ஒன்று. அப்போது அதன் தாய்த்துறைமுகம் யோகோசுகாவாக இருந்தது. அதிலிருந்தவர்களின் வீடுகளிலும் யாரோ டப்பா கட்டியிருப்பார்கள். மனைவியின் உழைப்பு இல்லாமல் கப்பல் நகராது என்று நாம் வாதிடுகிறோம். அப்படியானால் கப்பல் செய்வதிலும் அந்த உழைப்பு கலந்திருக்கிறது. கூலி கேட்கையில் உழைப்பாளி, குண்டு விழுகையில் ஒன்றும் அறியாதவள் என்று இரண்டு கணக்குகள் எழுத முடியுமா?

இதை அவளிடம் கேட்டேன். கோபம் வந்தது. "அப்போ சோறு கட்டிக்கொடுத்ததுக்கு நானும் கொலைகாரியா? நான் நேவியில இல்லடி. நேவிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கேன்." அவள் சொல்வதில் நியாயம் உண்டு. பொறுப்பை அளக்க மூன்று கேள்விகளாவது வேண்டும்: முடிவெடுத்தது யார், தெரிந்திருந்தது யாருக்கு, விலகிப்போக வழி இருந்தது யாருக்கு. மூன்றிலும் அவள் பங்கு சிறியது. கப்பலை எங்கே அனுப்புவது என்று அவளை யாரும் கேட்பதில்லை. விலகினால் அவளுக்கு வீடில்லை, அந்த நாட்டில் இருக்க உரிமையில்லை. ஆனாலும் சிறிய பங்கு பங்கே இல்லை என்றாகிவிடாது. மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலும் ஆயுதம் வாங்குகிறார்கள். அளவில் வேறுபட்டாலும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய இடமல்ல. 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் இருக்கிறான், அரசி அரண்மனையில் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பைக் கற்பு என்று நூற்றாண்டுகளாகக் கற்பித்துவருகிறோம். அதே பாட்டில் பாசறைக்குள் விளக்கேற்றும் பெண்கள் வருகிறார்கள். இடையில் குறுவாள் கட்டியிருக்கிறார்கள். வகுப்பில் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். எனக்கோ அவர்கள்தான் அரசியின் காத்திருப்புக்கு உரை எழுதுவதாகப் படுகிறது. இருவரும் ஒரே படையெடுப்பின் வேலையாட்கள். ஒருத்தியின் வேலை இடையில் தெரிகிறது, மற்றவளுடையது அன்பு என்ற பெயரில் மறைந்திருக்கிறது. அன்பு பொய்யென்று நான் சொல்லவில்லை. என் தோழி தன் கணவரை நேசிக்கிறாள். அந்த நேசத்தை அரசு கைமாற்றாக வாங்கிப் பயன்படுத்துகிறது, கேட்காமலே.

மதிலுக்கு வெளியிலும் பெண்கள் இருக்கிறார்கள். 1995இல் ஒகினாவாவில் பன்னிரண்டு வயதுச் சிறுமியை மூன்று அமெரிக்கப் படைவீரர்கள் கடத்தி வன்புணர்ந்தார்கள். தகாசாதோ சுசுயோ முதலிய பெண்கள் இராணுவ வன்முறைக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இந்தத் தளங்கள் யாருக்குப் பாதுகாப்பு என்பது அவர்களுடைய கேள்வி. தளத்துக்குள் இருக்கும் மனைவி அதைத் தன் கணவன் மீதான பழியாகக் கேட்கும்படி பழக்கப்படுத்தப்படுகிறாள். மதிலின் மிகப் பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன். காவல் நாய்கூட அவ்வளவு திறமையாக இரண்டு தரப்புப் பெண்களைப் பிரித்துவைக்காது.

அவள் முதல்முறை யோகோசுகா போய்ச் சில மாதங்களில், 2017 ஜூன் 17 அதிகாலை, அங்கிருந்து போன 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' ஒரு சரக்குக் கப்பலோடு மோதியது. வெள்ளம் புகுந்த படுக்கையறையில் ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் கணவர் அந்தக் கப்பலில் இருந்தார். சேதி வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு தோழி உட்கார்ந்திருந்தாள்; அவர் பிழைத்திருந்தார். இறந்த எழுவரின் பெயர்களையும் ஊர்களையும் தோழி இன்றும் வரிசையாகச் சொல்வாள். எங்கள் சண்டைக்குப் பிறகு மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. 2003இல் அந்த ஏவுகணைகள் விழுந்த இடத்தில் இருந்தவர்களின் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டிருந்தாள். தேடிக்கொண்டிருக்கிறோம், அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும்.