வடிகாலும் அறமும்

மழைநீரை ஊரிலிருந்து எவ்வளவு விரைவாக அகற்றலாம் என்பதே வடிகாலமைப்பின் தலையாய வினாவென நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. கால்வாயை அகலமாக்குதல், அதன் வளைவை நிமிர்த்துதல், மண்கரையைக் கொங்கிறீற்றாற் கட்டுதல் ஆகிய யாவும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளே. ஆயின், அகற்றப்பட்ட நீர் மறைந்துவிடுவதில்லை. ஒரு தெருவினின்றும் விரைந்து வெளியேறும் வெள்ளம் மற்றொரு தெருவை விரைந்து சென்றடைகின்றது. யாரைச் சென்றடைகின்றது என்னும் வினா நீரியலுக்கு மாத்திரம் உரியதன்று; அது அறவியலுக்கும் உரியதாகும். பல்கலைக்கழகத்தினின்றும் நேற்று வெளியேறி இன்று வரைபட மேசையில் அமர்ந்திருக்கும் இளம் பொறியியலாளருக்கு அவ்வினாவில் எத்துணைப் பங்குண்டு என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

கொழும்பு நகரை எடுத்துக்கொள்ளலாம். களனி கங்கையின் முகத்துவாரத்தை அடுத்துத் தாழ்நிலத்தில் அமைந்த இந்நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்களும் அவற்றைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களும் அம்மழையை ஏற்றுத் தேக்கி, மெல்ல மெல்லக் கங்கைக்கும் கடலுக்கும் விட்டுவந்தன. சதுப்பு நிலம் பயனற்றதென்ற எண்ணம் வலுப்பெற்றபோது அதனை நிரப்புதல் அபிவிருத்தி எனப் பெயர் பெற்றது. 1982 இல் திறந்துவைக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடமே, தியவன்னா ஓயாவின் சதுப்பை அகழ்ந்து உருவாக்கிய ஏரியின் நடுவில் எழுந்ததொன்றாகும். 2010 நவம்பர் மழையின்போது அவ்வளாகத்தினுள்ளும் வெள்ளம் புகுந்தது. வறியவர் வாசலில் ஆண்டுதோறும் நின்ற நீர் சட்டமியற்றுவோர் வாசலிலும் நின்றது என இதனைச் சற்றே குறும்பாகக் கூறலாம். 2012 இல் உலக வங்கியின் கடனுதவியுடன் கொழும்பின் வெள்ளத் தடுப்புக்கெனப் பெருங் கருத்திட்டமொன்று தொடங்கப்பெற்றது. எஞ்சிய ஈரநிலங்களைப் பேணுதலும் வெள்ளத் தடுப்பின் ஒரு பகுதியே என்னும் கருத்து மெல்ல இடம்பெற்றது. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென ஏற்பளிக்கப்பட்ட முதற் பதினெட்டு நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று.

எனினும் 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளின் வீடுகள் நீரில் மூழ்கின. நிலம் தாழ்ந்திருக்குமிடத்தில் விலையும் தாழ்கின்றது. விலை தாழுமிடத்தில் வறியவர் குடியேறுகின்றனர். மேட்டில் வாழ்வோர் தம் முற்றத்துக்குச் சீமெந்து பூசும்போது, இவர்களை எண்ணிப் பூசுவதில்லை. புல்தரையில் விழும் மழையின் பெரும்பகுதி மண்ணுள் இறங்குகின்றது; கூரையிலும் தார்வீதியிலும் விழுவதிற் பத்தில் ஒன்பது பங்குவரை ஓடிவிடுகின்றது. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. தீய எண்ணமின்றியே தீங்கு நிகழ்தல்தான் இப்பிரச்சினையை அறவியலிற் கடினமாக்குகின்றது.

தொழினுட்பத்தின் ஆற்றல் வளருந்தோறும் மனிதரின் பொறுப்பும் வளர்கின்றதென ஜேர்மனியிற் பிறந்த மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இன்னும் பிறவாதோரும் அப்பொறுப்பினுள் அடங்குவர் என்பது அவர் கருத்து. இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பொறுப்பு ஆற்றலைப் பின்தொடர்வதாயின், ஆற்றலற்ற தொடக்கநிலை அலுவலருக்குப் பொறுப்பில்லை என்றாகும். ஒதுக்கீட்டை அவர் தீர்மானிப்பதில்லை. கால்வாய் செல்லும் வழியையும் தீர்மானிப்பதில்லை. முப்பதாண்டு மழைகளைக் கண்ட மேலதிகாரியின் முன், இரண்டாண்டு அனுபவமுடையவர் அடங்கி நிற்பதும் ஒரு நற்பண்பே. இவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் முறையன்று.

ஆயினும் வடிகாலொன்றின் அளவு எங்ஙனம் தோன்றுகின்றது என்பதை நோக்கின், இவ்வாதம் தளர்கின்றது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்கு வடிகாலை அமைப்பதா, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதற்கு அமைப்பதா என்பது முதலிற் குறிக்கப்படும் எண். பத்தாண்டு மழை என்பது பத்தாண்டுகளுக்கு வராத மழையன்று. ஒவ்வோராண்டும் அது வருவதற்குப் பத்திலொரு வாய்ப்புண்டு. அடுத்த பத்தாண்டுகளுள் ஒருமுறையேனும் வருவதற்கு நூற்றுக்கு 65 வாய்ப்புண்டு. அவ்வெண்ணைத் தெரிதல் ஒரு குடும்பம் எத்தனை முறை நனையலாம் என்பதைத் தெரிதலாகும். அதனை முதலில் தாளில் எழுதுபவர் பெரும்பாலும் இளையவரே. வரைபடத்தின் எல்லைக்கோட்டை இடுபவரும் அவரே. அக்கோட்டுக்கு அப்பால் நீர் எங்குச் செல்கின்றது என்பது கணிப்பில் இடம்பெறாது போவதும் அவர் மேசையிலேயே நிகழ்கின்றது. மேலதிகாரியின் கைக்கு முடிவு செல்கின்றதேயன்றி, விடப்பட்டவை செல்வதில்லை. விடப்பட்டதை அறிந்தவர் அவரொருவரே. ஆகலின் அறிவும் ஒருவகை ஆற்றலெனவே கொள்ளப்படுதல் வேண்டும்.

வன்னிக் குளங்களை இங்கு நினைத்தல் பொருத்தமாகும். மேற்குளம் வான் பாயும் நீர் கீழ்க்குளத்தின் வரவாகும் வகையில் அவை தொடராக அமைந்துள்ளன. அங்கு மிகைநீருக்கு ஒரு முகவரி இருந்தது. இன்று பேசப்படும் நிலைபேறான வடிகாலமைப்பும், நீர் விழுந்த இடத்திலேயே அதனைத் தாமதிக்கச் செய்யும் முயற்சிதான்: தேக்கக் குளம், நீர் ஊறும் நடைபாதை, கூரைநீர்த் தாங்கி. ஆனால் இதனையும் குற்றமற்ற தீர்வெனக் கொள்ளலாகாது. தேக்கக் குளத்துக்கு நிலம் வேண்டும். கால்வாய்க் கரையை மீட்க அக்கரையிற் குடிசையமைத்தோர் எழ வேண்டும். கொழும்பிற் பல குடும்பங்கள் அவ்வாறு மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ளத்தினின்றும் அவர்கள் விடுபட்டனர் என்பது உண்மை. தையலோ, சிற்றுண்டி விற்பனையோ வீட்டு வாசலில் நடத்தியவருக்கு எட்டாம் மாடியில் வாசல் இல்லை என்பதும் உண்மை. பசுமை என்ற சொல் இக்கணக்கைத் தீர்த்துவைப்பதில்லை.

வீதி வடிகாலொன்றை வரையும் இளம் பொறியியலாளர் ஒருவர், கீழ்ப்புறத்து ஒழுங்கையின் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதையும் கணித்துத் தம் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார் எனக் கொள்க. அவ்வரியை மேலதிகாரி வெட்டிவிடலாம். பதவியைத் துறந்தால் அவ்வாசனத்திற் பிறிதொருவர் அமர்வார்; அவர் அவ்வரியை எழுதாமலே விடக்கூடும். அமர்ந்தே இருப்பின், அடுத்த வரைபடத்திலும் அவ்வரியை எழுத வேண்டியிருக்கும், அதுவும் வெட்டப்படலாம். எனினும் முதல் அறிக்கையின் பிரதி கோப்பிற் கிடக்கின்றது. மழை பெய்து ஒழுங்கையில் நீர் ஏறியபின் இது முன்னரே தெரியுமா என எவரேனும் கேட்பின், தெரியாது எனக் கூற அவ்வலுவலகத்தால் இயலாது.